பட்டி போல்டன் முடிதிருத்துநரா? ஜாஸ் கலைஞரின் வாழ்க்கைக் கதையைச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டி போல்டனைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை இப்படிப் போகும். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பகலெல்லாம் முடிதிருத்தகம் நடத்தினார். 'தி கிரிக்கெட்' என்ற ஊர்வம்புப் பத்திரிகையும் போட்டார். இரவானால் கார்னெட் (டிரம்பெட் போன்ற சிறிய பித்தளை ஊதுகருவி) ஊதினார். ஊதினால் பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி இருப்பவருக்கும் கேட்கும். ஜாஸ் என்ற இசையையே கண்டுபிடித்தார். 1907 தொழிலாளர் தின ஊர்வலத்தில் வாசித்துக்கொண்டே போகும்போது நடுத்தெருவில் புத்தி பேதலித்தது. மனநல விடுதியில் அடைக்கப்பட்டு, 24 ஆண்டுகள் கழித்து அங்கேயே இறந்தார்.

கார்னெட் ஊதியது உண்மை. மனநல விடுதியும் உண்மை. மீதியில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வகையான கோளாறு இருக்கிறது. அதனால்தான் பயிற்சிக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஜாஸ் வரலாற்றில் புழங்கும் கட்டுக்கதை வகைகள் அத்தனையும் இந்த ஒரே மனிதர்மேல் படிந்திருக்கின்றன. அவற்றை உரித்தெடுத்தவர் டொனால்ட் மார்க்விஸ் என்ற ஆய்வாளர். அவருடைய நூல் 1978-இல் வந்தது. அவர் போன வழியையும், பிற கலைஞர்கள் விஷயத்தில் மற்றவர்கள் போன வழிகளையும் சேர்த்து, நீங்களே செய்து பார்க்கக்கூடிய முறையாகக் கீழே தருகிறேன்.

முதல் படி: கதையைத் துண்டாக்குங்கள்

'போல்டன் கதை உண்மையா?' என்று கேட்டால் பதில் வராது. ஒரு வரிக்கு ஒரு கூற்று என்று பிரித்து எழுதுங்கள். முடிதிருத்துநர். பத்திரிகை ஆசிரியர். பத்து மைல் சத்தம். ஊர்வலத்தில் பேதலிப்பு. ஜாஸின் தந்தை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது நடந்திருந்தால் எங்கே தடயம் விட்டிருக்கும் என்று எழுதுங்கள். முடிதிருத்தகம் நடத்தியவர் என்றால் நகரத் தொழில் கையேட்டில் பெயர் இருக்கும். பத்திரிகை என்றால் ஒரு பிரதியாவது, அதைப் பார்த்ததாக ஒருவரின் குறிப்பாவது இருக்கும். ஜாஸின் தந்தை என்பதற்குத் தடயம் எந்த அலுவலகத்திலும் இருக்காது. அது வேறு வகைக் கூற்று, கடைசியில் பார்ப்போம்.

இரண்டாம் படி: கதை எப்போது பிறந்தது என்று பாருங்கள்

என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. அவசரப்படுபவர்கள் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள். ஒரு கூற்று உண்மையா பொய்யா என்று பார்க்கும் முன், அது முதன்முதலில் எந்த ஆண்டில், யார் வாயிலிருந்து, யார் கேட்டதற்குப் பதிலாக வந்தது என்று பாருங்கள்.

போல்டன் பிறந்தது 1877 செப்டம்பர் 6. விடுதிக்குப் போனது 1907 ஜூன். இறந்தது 1931 நவம்பர் 4. இன்று நாம் கேட்கும் போல்டன் உருவம் அச்சில் திரண்டு நின்றது 1939-இல், 'ஜாஸ்மென்' என்ற தொகுப்பு நூலில். அதாவது அவர் கடைசியாக மேடையில் நின்று 30 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. அதற்கு முக்கியமான தகவலாளி பங்க் ஜான்சன் என்ற ஊதுகலைஞர். அப்போது அவர் நியூ ஐபீரியா என்ற சிற்றூரில், பல் எல்லாம் போய், வாசிப்பை விட்டு உட்கார்ந்திருந்தார். பழைய ஜாஸின் வேர்களைத் தேடி வந்த இளம் எழுத்தாளர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். 'போல்டனோடு நானே வாசித்தேன்' என்ற சொல் அவருக்கு இரண்டாம் வாழ்க்கையைத் தந்தது: புதுப் பல்செட், புதுக் கருவி, ஒலிப்பதிவுகள், நியூ யார்க் மேடை. அவர் பொய் சொன்னார் என்று இதனால் நிரூபணமாகாது. ஆனால் அவர் சொல்லில் யாருக்கு என்ன லாபம் இருந்தது என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டியிருக்கிறது.

பிறகு கதை இன்னொரு கை மாறியது. 1976-இல் மைக்கேல் ஒண்டாச்சி (கொழும்பில் பிறந்து கனடாவுக்குப் போனவர், நம்மில் பலர் போல்டன் பெயரைக் கேள்விப்பட்டதே அவர் வழியாகத்தான்) போல்டனை நாயகனாக்கி ஒரு நாவல் எழுதினார். முடிதிருத்தகம், 'தி கிரிக்கெட்', ஊர்வலம் எல்லாம் அதில் உண்டு. அது நாவல், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. மார்க்விஸின் நூல் வர இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. ஆனால் நாவலில் படித்ததை வரலாறாக நினைவில் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். ஆகவே ஒரே தகவலை ஐந்து இடத்தில் பார்த்தீர்கள் என்றால் ஐந்து சாட்சிகள் என்று எண்ணாதீர்கள். ஐந்தும் ஒரே 1939-க்குத் திரும்பிப் போகின்றனவா என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். போனால் அது ஒற்றைச் சாட்சிதான்.

மூன்றாம் படி: சாட்சியின் வயதைக் கணக்குப் போடுங்கள்

சின்னக் கழித்தல் கணக்கு. ஆனால் இது சாய்த்த பெரிய மரங்கள் பல.

பங்க் ஜான்சன் தான் 1879-இல் பிறந்ததாகவும், 1895-இல் போல்டன் குழுவில் சேர்ந்ததாகவும் சொன்னார். பிற்காலத்தில் லாரன்ஸ் குஷீ என்ற ஆய்வாளர் அவர் பிறப்பு பெரும்பாலும் 1889-க்கு அருகில்தான் இருக்கும் என்று காட்டினார். அப்படியானால் 1895-இல் பங்கின் வயது ஆறு. ஆறு வயதுப் பையன் நடனக்கூடத்தில் கார்னெட் ஊதியிருக்க மாட்டான். அதே நேரம் முழுவதுமாகத் தள்ளிவிடவும் கூடாது. போல்டன் விடுதிக்குப் போன 1907-இல் அவருக்குப் பதினேழு, பதினெட்டு வயது. இளைஞனாக நின்று கேட்டிருக்கலாம். 'கூட வாசித்தேன்' என்பது விழுந்தது, 'கேட்டேன்' என்பது நிற்கிறது.

பியானோக் கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டனும் இதே கணக்கில் மாட்டுகிறார். 1885-இல் பிறந்தேன், 1902-இல் ஜாஸை நான்தான் கண்டுபிடித்தேன் என்று 1938-இல் பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார். அவருடைய ஞானஸ்நானச் சான்று காட்டும் பிறந்த நாள் 1890 அக்டோபர் 20. அப்படியென்றால் பதினொரு வயதில் ஒரு இசை வடிவத்தையே கண்டுபிடித்தாக வேண்டும். ஆனாலும் மார்ட்டன் போல்டனை நேரில் கேட்டிருக்கக்கூடிய வயதில்தான் இருந்தார். தன்னைப் பற்றிச் சொல்லும்போது தாராளமாக அளக்கும் ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொல்லும்போது நல்ல சாட்சியாக இருக்க முடியும். சாட்சியை மொத்தமாக நம்புவதும் மொத்தமாக ஒதுக்குவதும் சோம்பேறித்தனம்.

மிக நுட்பமான கணக்கு, புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்குடையது. தன் பிறந்த நாள் 1900 ஜூலை 4 என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார்: நூற்றாண்டின் தொடக்கம், அமெரிக்க சுதந்திர தினம். இவ்வளவு அழகான தேதியைப் பார்த்தாலே சந்தேகப்பட வேண்டும். 1980-களில் டாட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் தேவாலயப் பதிவேட்டில் உண்மையான தேதியைக் கண்டுபிடித்தார்: 1901 ஆகஸ்ட் 4. ஓராண்டு வித்தியாசம்தானே, அதனால் என்ன என்று தோன்றும். ஆம்ஸ்ட்ராங் சின்ன வயதில், ஐந்து வயது வாக்கில், பெர்டிடோ தெரு நடனக்கூடத்தில் போல்டன் வாசிக்கக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். போல்டன் முதன்முதலில் கைதானது 1906 மார்ச். பழைய தேதிப்படி அப்போது லூயிக்கு ஐந்தே முக்கால் வயது. புதிய தேதிப்படி நாலரை. ஒரு தேதி திருத்தப்பட்டதும், அதோடு சேர்ந்து ஒரு நினைவின் எடையும் குறைந்துவிட்டது. கேட்டிருக்கவே முடியாது என்று சொல்ல முடியாது. அந்தக் கூடம் அவர் வாழ்ந்த பகுதியில்தான் இருந்தது. ஆனால் போல்டனின் பாணிக்கு அதை ஆதாரமாகக் காட்ட நான் துணிய மாட்டேன்.

நான்காம் படி: காகிதங்களுக்குப் போங்கள்

நியூ ஆர்லியன்ஸ்காரர் ஒருவருக்குத் தேட வேண்டியவை: தேவாலய ஞானஸ்நானப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சோர்ட்ஸ் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிட்ட நகரக் கையேடு, காவல்துறைக் கைதுப் பதிவு, மருத்துவமனைப் பதிவு, நாளிதழ், தீக்காப்பீட்டுக்காகச் சான்பார்ன் நிறுவனம் வரைந்த தெரு வரைபடங்கள். கணக்கெடுப்புத் தாள்களின் படிமங்களை இன்று ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பழைய நாளிதழ்கள் பலவும் சான்பார்ன் வரைபடங்களும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. முதியவர்களின் வாய்மொழிப் பேட்டிகளுக்கு டுலேன் பல்கலைக்கழகத்தின் ஹோகன் ஜாஸ் காப்பகம், 1958-இல் தொடங்கியது.

போகும் முன் மூன்று பள்ளங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, 1890 கணக்கெடுப்பு. அதன் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தோடு போயிற்று. முதல் தலைமுறை ஜாஸ் கலைஞர்கள் பலர் பிறந்தது 1880-களில். அவர்களைக் குழந்தையாகக் காட்ட வேண்டிய கணக்கெடுப்பே இல்லை. 1880 கணக்கெடுப்புக்கும் 1900 கணக்கெடுப்புக்கும் நடுவிலுள்ள இந்த இருபதாண்டு ஓட்டைக்குள்தான் வயதைக் கூட்டியும் குறைத்தும் சொல்ல வசதியாக இருந்தது.

இரண்டு, வீட்டு எண்கள். நியூ ஆர்லியன்ஸில் 1894-இல் கதவு எண்களை மாற்றினார்கள். போல்டன் குடும்பத்தின் முகவரி முதலில் ஃபர்ஸ்ட் தெரு 385, பிறகு 2309. குடும்பம் வீடு மாறிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். மாறியது எண் மட்டுமே.

மூன்றாவது கொஞ்சம் ஆழமானது. அரசு முத்திரை இருக்கிறது என்பதற்காகக் காகிதத்தை நம்பிவிடக் கூடாது. ஆம்ஸ்ட்ராங் 1918-இல் ராணுவப் பதிவுக்காக நிரப்பிய அட்டையிலும் ஜூலை 4, 1900 என்றுதான் இருக்கிறது. அட்டை அசல், தகவல் தவறு, ஏனென்றால் அதைச் சொன்னவர் அவரே. ஞானஸ்நானப் பதிவோ அவர் பிறந்த மூன்று வாரத்தில், 1901 ஆகஸ்ட் 25-இல் எழுதப்பட்டது. காகிதத்தை எடுத்தவுடன் இரண்டு கேள்வி கேளுங்கள்: சம்பவம் நடந்து எத்தனை நாள் கழித்து எழுதினார்கள்? தகவலைக் கொடுத்தது யார்?

இனி போல்டனின் காகிதங்கள். தந்தை வெஸ்ட்மோர் போல்டன் பார வண்டி ஓட்டியவர். மகனுக்கு ஆறு வயதானபோது, 1883-இல் நிமோனியாவில் இறந்தார். தாய் ஆலிஸ் பிள்ளைகளை வளர்த்தார். நகரக் கையேடுகளில் சார்லஸ் போல்டன் முதலில் சுவர்ப் பூச்சு வேலைக்காரராக வருகிறார். பிறகு இசை ஆசிரியராக, இசைக் கலைஞராக. முடிதிருத்துநராக ஓர் ஆண்டுகூட இல்லை. கார்னெட்டின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்தவர் மானுவல் ஹால் என்ற சமையல்காரர், அம்மாவோடு பழகியவர். ஒரு மேதையின் குருவாகச் சமையல்காரர் வருவார் என்று யாரும் கற்பனை செய்து சொல்லியிருக்க மாட்டார்கள். காகிதங்களின் சுவை இதில்தான்.

முடிதிருத்தகம் கதைக்குள் வந்த வழியும் தெரிந்துவிடுகிறது. போல்டன் தொடக்கத்தில் வாசித்த குழு சார்லி காலோவேயுடையது. காலோவே கிதார் கலைஞர், தொழில் முடிதிருத்துதல். அந்தக் காலத்துக் கறுப்பினப் பகுதிகளில் முடிதிருத்தகம்தான் இசைக்காரர்கள் கூடும் இடம், கச்சேரிக்கு ஆள் பேசவும் அங்கேதான் வருவார்கள். எந்நேரமும் அங்கே காணப்பட்டவரை, பல ஆண்டு கழித்து நினைவு அந்தக் கடைக்கே சொந்தக்காரராக்கிவிட்டது.

ஐந்தாம் படி: மௌனத்தை எடை போடுங்கள்

பதிவு இல்லை என்பதாலேயே நடக்கவில்லை என்றாகிவிடாது. எந்த மௌனம் பேசும், எந்த மௌனம் பேசாது என்று பார்க்க வேண்டும்.

போல்டனின் நடனக் கச்சேரிகளைப் பற்றி அவர் காலத்து நாளிதழ்களில் விமர்சனம் எதுவும் கிடையாது. இதை வைத்து அவர் பிரபலமே இல்லை என்று யாராவது வாதிட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். இன ஒதுக்கல் இறுகிக்கொண்டிருந்த ஊரில், வெள்ளையர் நடத்திய தாள்கள் கறுப்பினத் தொழிலாளர்களின் நடனக்கூடத்துக்கு நிருபர் அனுப்பியதில்லை. அந்த மௌனம் எதையும் சொல்லவில்லை.

நகரக் கையேட்டின் மௌனம் அப்படி இல்லை. அதே கையேடு அதே மனிதரை வேறு தொழில்களில் பதிந்திருக்கிறது. கவனித்துக்கொண்டிருந்த ஒருவர் முடிதிருத்தகத்தை மட்டும் பார்க்காமல் விட்டிருப்பாரா? 'தி கிரிக்கெட்' விஷயமும் அப்படித்தான். வம்புப் பத்திரிகை நாலு பேர் கையில் போனால்தான் பத்திரிகை. போல்டன் நடத்தியதாகச் சொல்லப்படும் அதில் ஒரு பிரதிகூட இன்றுவரை வெளிவரவில்லை.

மௌனத்துக்கு எதிர்ப்பக்கமும் உண்டு: காகிதம் சத்தமாகச் சொல்லியும் யாரும் காது கொடுக்காத இடங்கள். 1912 டிசம்பர் 31 இரவில் துப்பாக்கி சுட்டதற்காகச் சிறுவன் ஆம்ஸ்ட்ராங் கைதானதையும், சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டதையும், அங்கே கார்னெட் பிடித்ததையும் எல்லா வரலாறும் சொல்கிறது. முதல் தவறு, அதுவே திருப்புமுனை என்ற வடிவில். ஆனால் 1913 ஜனவரி 2 நாளிதழ்ச் செய்தி அந்தப் பையனைப் பழைய குற்றவாளி என்று குறிப்பிட்டது. பல்லாண்டுக் காலம் அந்தச் சொல்லை எல்லோரும் படித்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். பிறகுதான் ஜேம்ஸ் கார்ஸ்ட் என்ற பத்திரிகையாளர் 1910 கைதைக் கண்டெடுத்தார். ஒன்பது வயதிலேயே அதே இல்லத்துக்குப் போய்வந்திருக்கிறான். அழகான ஒற்றைத் திருப்புமுனை என்ற வடிவத்தின்மேல் நமக்கிருக்கும் மோகம் நம் கண்ணையே மறைக்கும்.

ஆறாம் படி: நாள்காட்டியோடு பொருத்துங்கள்

பேதலிப்பு 1907 தொழிலாளர் தின ஊர்வலத்தில் என்கிறது கதை. அமெரிக்கத் தொழிலாளர் தினம் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை. போல்டன் ஜாக்சன் ஊர் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டது 1907 ஜூன் 5. கதை முடிந்தது. ஒரு நாள்காட்டி போதும்.

ஆனால் இங்கேயே நிறுத்திவிட்டால் வேலை பாதிதான். 1906 ஊர்வலமாக இருக்கலாமே? அதற்கும் முன்பே, 1906 மார்ச்சில், அவர் உடல்நலம் கெட்டுப் படுக்கையில் கிடந்தார். தனக்கு மருந்தில் ஏதோ கலந்து கொடுக்கிறார்கள் என்ற பயத்தில் தண்ணீர்ச் சாடியால் மாமியாரின் தலையில் அடித்தார். கைதானார். அது நாளிதழில் வந்தது. உயிரோடு இருந்த காலத்தில் அவர் பெயர் செய்தியானது அந்த ஒரு நிகழ்வுக்காக மட்டுமே. அதிலும் ஒரு தாள் அடிபட்டவர் அம்மா என்றது, இன்னொன்று மாமியார் என்றது. ஆக, நோய் தொடங்கியது வீட்டுப் படுக்கையில். அதே ஆண்டு செப்டம்பரில், தொழிலாளர் தினத்தையொட்டி, மீண்டும் கைது. 1907 மார்ச்சில் மூன்றாம் முறை. ஏப்ரலில் நீதிபதியின் ஆணை, ஜூனில் ஜாக்சன்.

செப்டம்பர் ஊர்வலமும் செப்டம்பர் கைதும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தவை. பல மாதங்களாக, மூன்று கைதுகளாக, ஒரு குடும்பம் கண்ணெதிரே பார்த்துத் தவித்த சரிவை ஊரார் நினைவு ஒரே மதியத்துக்குள் மடித்து வைத்துவிட்டது. நடுத்தெருவில் கருவி கையில் இருக்கும்போதே என்று சொன்னால் கேட்பவருக்கு மறக்காது. தண்ணீர்ச் சாடியை வைத்து யார் பாட்டுக் கட்டுவார்கள்?

ஏழாம் படி: இயற்கை இடம் கொடுக்கிறதா?

பத்து மைல் சத்தத்துக்குக் காகிதம் தேவையில்லை, கணக்குப் போதும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். முழு மூச்சோடு ஊதும் கார்னெட் ஒரு மீட்டரில் 105 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைலில், அதாவது 1,600 மீட்டரில், சுமார் 64 போய் 40 சொச்சம் மிஞ்சும். மோட்டார் வண்டிகளின் இரைச்சல் இல்லாத 1903-ஆம் ஆண்டு இரவில், சமதரையான ஊரில், திண்ணையில் உட்கார்ந்தவருக்கு அது தெளிவாகவே கேட்டிருக்கும். பத்து மைலில் இன்னும் 20 டெசிபெல் கழியும். போதாததற்குக் காற்றே கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் ஒலியை விழுங்கிக்கொண்டே போகும். எதுவும் மிஞ்சாது.

ஒன்றிரண்டு மைல் எப்படிப் பத்தாயிற்று? ஜெர்ட் டவுன் பகுதியில் லிங்கன் பூங்காவும் ஜான்சன் பூங்காவும் அடுத்தடுத்து இருந்தன. லிங்கன் பூங்காவில் ஜான் ரோபிஷோவின் குழு, எழுதிய இசையைப் பார்த்து நேர்த்தியாக வாசிக்கும். போல்டன் பக்கத்துப் பூங்காவிலிருந்து எதிர்த் திசையைப் பார்த்து ஊதி, அங்கே இருக்கும் கூட்டத்தை இழுத்துவிடுவார். பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடுகிறார் என்று ஊரில் சொல்வார்களாம். உரத்து ஊதுவது அவருக்கு வியாபார உத்தி. மைல் எண்ணிக்கை பொய், அதற்குப் பின்னால் இருந்த தொழில்போட்டி மெய்.

எட்டாம் படி: படமும் ஒலியும்

போல்டனுக்கு இருக்கும் ஒரே புகைப்படம், சுமார் 1905-இல் எடுத்தது. ஆறு பேர்: போல்டன், வால்வு டிராம்போனோடு வில்லி கார்னிஷ், பாஸோடு ஜிம்மி ஜான்சன், கிதாரோடு பிராக் மம்ஃபர்ட், கிளாரினெட்டோடு ஃபிராங்க் லூயிஸும் வில்லி வார்னரும். மூலப்படம் இப்போது இல்லை, அச்சுப் பிரதிகள்தான். அதை இடவலம் மாற்றியும் அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு பக்கமாக வைத்தால் கிதாரும் பாஸும் இடக்கைக்காரர்களுடையது போல இருக்கும். திருப்பிப் போட்டால் கிளாரினெட்காரர்களின் கைகள் மாறிவிடும். போல்டன் இடக்கைக்காரர் என்று எங்காவது படித்தால், எழுதியவர் எந்தப் பிரதியைப் பார்த்தார் என்று மட்டும் கேளுங்கள்.

ஒலி விஷயம் இதைவிடச் சிக்கல். குழு ஒரு மெழுகு உருளையில் வாசித்துப் பதிந்ததாக வில்லி கார்னிஷ் சொன்னார். பதிவு செய்யப்பட்ட முதல் ஜாஸ் என்று எண்ணப்படும் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற குழுவின் இசைத்தட்டு 1917 பிப்ரவரியில்தான் பதிவானது. அப்போது போல்டன் விடுதியில் பத்தாம் ஆண்டில் இருந்தார். ஆகவே அந்த உருளை கிடைத்தால் ஜாஸ் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும். பல தலைமுறைச் சேகரிப்பாளர்கள் தேடியும் கிடைக்கவில்லை. கார்னிஷ் குழுவில் இருந்தவர், நேரடிச் சாட்சி. 1890-களில் அந்தத் தொழில்நுட்பமும் புழக்கத்தில் இருந்தது. இரண்டு நிமிடம் ஓடும் பழுப்பு மெழுகு. சில டஜன் முறை போட்டாலே தேய்ந்துவிடும், ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். நியூ ஆர்லியன்ஸில் ஈரத்துக்கா பஞ்சம்? எனவே இந்தக் கூற்றைப் பொய்ப் பட்டியலில் போடாமல் தனியாக வையுங்கள்: நம்பத்தக்க ஒருவர் சொன்னது, இயலக்கூடியது, உறுதிப்படாதது. மூன்றும் சேர்ந்த கூற்றுகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்காதவர்கள் வேகமாக எழுதுவார்கள், பிறகு திருத்திக்கொண்டே இருப்பார்கள்.

ஒன்பதாம் படி: பொய்யான கதை எதை மறைக்கிறது?

இதற்குப் போல்டனைவிட்டுக் கொஞ்சம் வெளியே போக வேண்டும். பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1937 செப்டம்பர் 26 அதிகாலையில், மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் அருகே நெடுஞ்சாலை 61-இல் விபத்தில் சிக்கி இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால்தான் ரத்தம் சிந்திச் செத்தார் என்று நவம்பரில் 'டவுன் பீட்' இதழில் இசைத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் எழுதினார், கேள்விப்பட்டதை வைத்து. அது பிற்பாடு எட்வர்ட் ஆல்பியின் நாடகமாகவும் ஆனது.

நடந்தது வேறு. விபத்து இடத்துக்கு வந்த டாக்டர் ஹியூ ஸ்மித் என்ற வெள்ளை மருத்துவர் சாலையோரத்திலேயே சிகிச்சை கொடுத்தார். பெஸ்ஸியைக் கொண்டுபோனது கறுப்பினத்தவருக்கான ஜி.டி. தாமஸ் மருத்துவமனைக்கு. அங்கே வலக்கை துண்டிக்கப்பட்டது. அன்று காலையே உயிர் போயிற்று. எந்த மருத்துவமனையும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

அப்படியானால் இனவெறிக் கதை பொய் என்று முடித்துவிடலாமா? கூடாது. வெள்ளையர் மருத்துவமனை மறுக்கவில்லை, ஏனென்றால் அங்கே கொண்டுபோகும் எண்ணமே அந்த ஊரில் யாருக்கும் வந்திருக்காது. மறுக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு ஒதுக்கல் இயல்பாகியிருந்தது. கட்டுக்கதையில் ஒரு கொடியவன் வாசலில் நின்று மறுக்கிறான். உண்மையில் வாசல்வரை போகவே முடியாது. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறைக்கிறது. ஒரு கதையைப் பொய்யென்று காட்டியதும் அதன் இடத்தில் என்ன நிற்கிறது என்று எழுதாவிட்டால், நீங்கள் சரிபார்த்ததால் வாசகர் இன்னொரு பொய்யோடுதான் வீட்டுக்குப் போவார்.

பத்தாம் படி: 'கண்டுபிடித்தார்' என்ற கூற்றை மாற்றி எழுதுங்கள்

ஜாஸின் தந்தை யார் என்பதற்கு ஆவணம் இருக்காது என்று முதலிலேயே சொன்னேன். இத்தகைய கூற்றைச் சரிபார்க்கக்கூடிய சின்னக் கூற்றுகளாக மாற்றலாம். போல்டனை நேரில் கேட்ட முதியவர்கள், வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆட்களிடம் சொன்னவற்றை அடுக்கிப் பாருங்கள். சில விஷயங்கள் ஒத்துப்போகின்றன: உரத்து வாசித்தார்; பெரும்பாலும் காதால் பிடித்து வாசித்தார்; மெதுவான ப்ளூஸை நடனத்துக்கான இசையாக்கினார். இவை நிற்கும். அடிமைகள் ஞாயிறுதோறும் கூடிய காங்கோ சதுக்கத்து ஆப்பிரிக்க நடனங்களை அவர் பார்த்து வளர்ந்தவர் என்ற அழகான சங்கிலி நிற்காது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஓய்ந்துவிட்டன. ஸ்டோரிவில் விபசார விடுதிகளில் வாசித்தார் என்பதும் தளர்கிறது. அவர் புழங்கிய இடங்கள் பெர்டிடோ, தெற்கு ராம்பார்ட் பக்கத்து நடனக்கூடங்களும் பூங்காக்களும். பெர்டிடோ தெரு யூனியன் சன்ஸ் கூடம் சனி இரவில் நடனக்கூடம், ஞாயிறு காலையில் தேவாலயம். கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

எழுதும்போது

வினைமுற்றில் கவனம் வையுங்கள். 'இருந்தது', 'என்கிறது பதிவு', 'என்றார் இன்னார்', 'என்று நினைக்க இடமுண்டு' என்ற நான்கும் நான்கு வெவ்வேறு எடை. ஒரே பத்தியில் கலந்து வந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரக்கூடாது. போல்டனுக்கு அப்படி ஒரு பத்தி எழுதினால் இப்படி இருக்கும்:

சார்லஸ் ஜோசப் போல்டன் 1877-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தார். சுவர்ப் பூச்சு வேலைக்காரர் என்றும் பிறகு இசைக் கலைஞர் என்றும் நகரக் கையேடு அவரைக் குறிக்கிறது. மானுவல் ஹால் என்ற சமையல்காரரிடம் கார்னெட் பழகினார். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடனக்கூடங்களிலும் பூங்காக்களிலும் அவருடைய குழுவுக்குப் பெரிய கூட்டம் இருந்தது என்று கேட்டவர்கள் பலரும் சொல்கிறார்கள். ஒரு மெழுகு உருளையில் பதிவு செய்ததாக உடன் வாசித்த கார்னிஷ் சொன்னார், அது கிடைக்கவில்லை. 1906 மார்ச்சில் மனநோய் வெளிப்பட்டது; 1907 ஜூன் 5 முதல் இறக்கும்வரை ஜாக்சன் விடுதியில் இருந்தார். ஹோல்ட் கல்லறையில், அடையாளக் கல் இல்லாத ஏழைக் குழியில் புதைக்கப்பட்டார்.

தள்ளிய கதைகளைக் குப்பையில் போட வேண்டாம். 'போல்டனைப் பற்றிச் சொல்லப்பட்டவை' என்று தனிப் பகுதி திறந்து, சொல்லப்பட்ட ஆண்டு வரிசையில் வையுங்கள்: 1938-இல் மார்ட்டன், 1939-இல் பங்க் ஜான்சன், 1976-இல் ஒண்டாச்சி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சொன்னவரின் அப்போதைய வயதையும், அது எந்தப் படியில் விழுந்தது என்பதையும் ஒரு வரியில் குறித்துவிடுங்கள். நாளைக்கு யாராவது 'தி கிரிக்கெட்' பிரதி ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தால், நீங்கள் திருத்த வேண்டியது எந்த வரி என்று தேடாமலே தெரியும்.